கோல்ஃப் மைதானப் பராமரிப்பில் இன்டர்ன்: போனதும் என்ன வேலை தருவாங்க?

புல்தரை_23:
வணக்கம். பி.எஸ்சி தோட்டக்கலை முடிக்கப் போறேன். ஒஹாயோவில் ஒரு கோல்ஃப் கிளப்பில், மைதானப் பராமரிப்புக் குழுவில் இன்டர்னா எடுத்திருக்காங்க. அமெரிக்காவில் பயிற்சிக்குத் தர்ற ஜே-1 விசா, ஏப்ரலில் கிளம்பணும். கோல்ஃப் மட்டையைத் தொட்டதுகூட இல்லை. ஏற்கெனவே போய்வந்த சீனியர், "சீசன் பூரா மணல்தான் வாரினேன்"னு பயமுறுத்துறார். நிஜமா? புல் வெட்டுற மோவர் ஓட்ட விடுவாங்களா?

கப்_மாத்துறவன்:
தம்பி, சீனியர் சொன்னதில் பொய் இல்லை. பங்கர்ங்கிற மணல் பள்ளத்தைச் சமன் பண்றது, கிரீன் (குழியைச் சுத்தி ஒட்ட வெட்டின புல்தரை) மேல் பனித்துளியை அடிச்சு விடறது, கப், அதாவது பந்து விழுற குழியை இடம் மாத்துறது. ஆரம்பத்தில் இதுதான் வேலை. நானும் மிச்சிகனில் இப்படித்தான் தொடங்கினேன், இப்போ அசிஸ்டென்ட் சூப்பரின்டென்டென்ட், மைதானப் பராமரிப்புத் தலைவருக்கு அடுத்த ஆள்.

மோவருக்கு அவசரப்படாதே. கப் மாத்துற வேலை கிடைச்சா மட்டும் விட்டுடாதே. குழி 108 மி.மீ. அகலம். அதைச் சுத்தி ஆள் நடந்து நடந்து புல் தேய்வதால் அடிக்கடி இடம் மாத்துவோம். கப் கட்டரை நேரா நிறுத்தி, அழுத்தித் திருப்பினா புல்லோடு ஒரு மண் உருளை வரும். அதை வெச்சுத்தான் பழைய குழியை மூடணும். நிறைய பேர் பார்க்காமலே திணிச்சுட்டுப் போயிடுவான். நீ ஒரு நிமிஷம் கையில் வெச்சுப் பாரு. வேர் எவ்வளவு ஆழம் போயிருக்கு, ஈரம் எங்கே நிக்குது, மேல்பக்கம் மட்காத சருகு எவ்வளவு தடிமன். கறுப்பா ஒரு அடுக்கு ஓடி, அழுகின முட்டை வாடை அடிச்சா, அங்கே தண்ணி தேங்கிக் காத்து போகலைன்னு தெரிஞ்சுக்கோ. 18 கிரீன்லயும் மண் மாதிரி சும்மா கிடைக்குது! எங்க சூப்பரின்டென்டென்ட் காலையில் கேக்கிற முதல் கேள்வியே "ஏழாவதில் வேர் எப்படி?"ன்னுதான். பதில் சொல்லத் தெரிஞ்சவன் கையில்தான் தண்ணிக் குழாயைக் கொடுப்பார்.

மூடினதும் உள்ளங்கையால் தடவிப் பாரு. மேடா இருந்தா மோவர் சீவிடும், பள்ளமா இருந்தா பந்து விலகும், உறுப்பினர்கள் கத்துவாங்க.

கோடையில் டாலர் ஸ்பாட்ங்கிற பூஞ்சை நோய் புல்லுக்கு வரும். விடியக்காலை ஈரத்தில் பூஞ்சை நூல் சிலந்தி வலை மாதிரி தெரியும், வெயில் ஏறினதும் காணாமப் போயிடும். அந்த நேரத்தில் புல்லைக் குனிஞ்சு பார்க்கிறது நீதான், ஆபீஸில் இருக்கிறவர் இல்லை. நீ படிச்ச நோயியல் அங்கே உதவும்.

ஏப்ரலில் உறைபனி இருக்கும். உறைஞ்ச புல்லை மிதிச்சா உன் பூட்ஸ் தடம் அப்படியே பழுப்பா நிக்கும். அது உருகுற வரைக்கும் எல்லாரும் ஷெட்டில் காபியோட உக்காந்திருப்போம். சம்பளம் உண்டு, கவலைப்படாதே :)

பட்டறை_மணி:
துபாயில் கோல்ஃப் கிளப் பட்டறையில் மெக்கானிக்கா இருக்கேன். இங்கே பாஸ்பாலம் புல், உப்புத் தண்ணி தாங்கும். அங்கே பென்ட் கிராஸ்தான் இருக்கும். ஆனா மெஷின் எங்கேயும் ஒண்ணுதான். கிரீனை 3 மி.மீ. சுமாருக்கு வெட்டுவோம். ரீலுக்கும் (சுத்துற பிளேடு உருளை) பெட் நைஃபுக்கும் (அடியில் அசையாம இருக்கிற கத்தி) நடுவில் காகிதத் துண்டை விட்டுப் பாப்போம், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுத்தமா நறுக்கணும். மழுங்கியிருந்தா புல் நுனி கிழிஞ்சு வெளுத்துப்போயிடும். என்ஜின் நின்னிருந்தாலும் ரீலுக்குள் விரல் விடாதே. ஒரு பிளேடைத் தள்ளினா எல்லாம் சேர்ந்து சுத்தும்.

ஹைட்ராலிக் ஆயில் ஒழுகினா மறைக்காம உடனே சொல்லிடு தம்பி. சூடான ஆயில் விழுந்த இடம் கோடு போட்ட மாதிரி கருகி, யார் ஓட்டினான்னு ரெண்டு நாளில் அதுவே காட்டிக்கொடுத்துடும்.

ஏரிக்கரை:
வேலையை விடுங்க, தங்குற இடத்தை முதல்ல கேளுங்க. விடியறதுக்கு முன்னாடி ஆஜராகணும், பெரும்பாலான ஊர்களில் அந்நேரம் பஸ் கிடையாது. கிளப்பே வீடு தருதா, சைக்கிளில் போற தூரமான்னு விசாவுக்கு ஏற்பாடு பண்ற ஸ்பான்சர்கிட்ட எழுத்தில் வாங்கிடுங்க.

புல்தரை_23:
ரொம்ப நன்றி அண்ணா, எல்லாருக்கும். விளையாடுறவங்க பக்கத்தில் வந்துட்டா என்ன பண்றது?

கப்_மாத்துறவன்:
மெஷினை அடக்கிட்டு அசையாம நில்லு. அவர் அடிச்சு முடிச்சுக் கையசைச்சதும் தொடரு. பந்து வருதுன்னு எச்சரிக்க "ஃபோர்!"னு யாராவது கத்தினா மேலே அண்ணாந்து பார்க்காதே, தலையைக் கையால் மூடிக் குனிஞ்சுக்கோ. வீட்டு விஷயம் ஏரிக்கரை சொன்னது சரி, இன்னிக்கே மெயில் போடு.