பழைய போர்க்கப்பலில் வேலை செய்த பெரியப்பாவுக்கு ஓர் உதவி

வணக்கம் உறவுகளே. ஒட்டுசுட்டானில் இருக்கும் என் பெரியப்பா 80களில் வெளிநாட்டுக் கப்பல் பட்டறை ஒன்றில் வேலை செய்தவர். பழைய போர்க்கப்பல்களின் எஞ்சின் அறையில், நீராவிக் குழாய்களைச் சுற்றியிருந்த அஸ்பெஸ்டஸ் (கல்நார்) உறையைக் கிழித்தெடுப்பதுதான் வேலை. முகமூடியும் இல்லை, ஒன்றும் இல்லை. தூசு மாப்போல மேலெல்லாம் படிந்திருக்குமாம்.

இப்போது கிணற்றடிக்குப் போய்வரவே மூச்சு இளைக்கிறது. ஆஸ்பத்திரியில் செய்த சளிப் பரிசோதனையில் காசநோய் இல்லை. “வயது போனால் இப்படித்தான்” என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் அந்தத் தூசு நுரையீரலில் தங்கி, 20, 40 வருடம் கழித்தும் தழும்பாகவோ புற்றுநோயாகவோ வெளிப்படலாம். பழைய வேலையைப் பற்றி அங்கே ஒருவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ சுவாசநோய் நிபுணரைக் கிளினிக்கில் காட்ட என்ன வழி? சி.ரி. ஸ்கானுக்கு எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்? வேலைக் கடிதங்கள் எல்லாம் 2009 போர்க்கால இடப்பெயர்வில் போய்விட்டன. கடிதம் இல்லாமல் நட்டஈடு கேட்டவர்கள் இருக்கிறீர்களா? அப்படியான பட்டறைகளில் நின்ற மன்னார், முல்லைத்தீவு ஆட்கள் இருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். நீங்களும் ஒருக்கால் டொக்டரிடம் நெஞ்சைக் காட்டுங்கள், புகைப்பவர் என்றால் கட்டாயம்.

கைமருந்து மட்டும் சொல்லவேண்டாம், பெரியம்மா ஏற்கெனவே எல்லாம் அவித்துக் கொடுத்துவிட்டார்.