பெல் அண்டு செபாஸ்டியன்: மெல்லிய ஒலி விரும்பி வந்ததா, வேறு வழியில்லாமலா?

பேஸ்காரன்:
இண்டி பாப், அதாவது பெரிய இசை நிறுவனங்களைச் சாராத சுயாதீன பாப் இசை, என்றாலே எல்லாரும் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து இந்தக் குழுவைத்தான் கைகாட்டுகிறீர்கள். குழுவைத் தொடங்கிய பாடகர் ஸ்டூவர்ட் மர்டாக்கும் ஸ்டூவர்ட் டேவிடும் சந்தித்ததே வேலையில்லாத இசைக்கலைஞர்களுக்கான பயிற்சித் திட்டத்தில். 1996இல் வந்த முதல் ஆல்பம் 'டைகர்மில்க்'கோ ஸ்டோ கல்லூரியின் இசைத்தொழில் வகுப்புக்காக மூன்றே நாளில் பதிவானது. செலவு கல்லூரியுடையது. இதற்குப் பெயர் சுயாதீனமா?

வயலின்பித்து:
காசு யாருடையது என்பதை விடுங்கள், முடிவு யாருடையது? கல்லூரியின் இசை வெளியீட்டு லேபிளான எலக்ட்ரிக் ஹனி வழக்கமாக ஒரு சிங்கிளோடு, அதாவது ஒரு தனிப்பாட்டு வெளியீட்டோடு, நிறுத்திக்கொள்ளும். மர்டாக்கிடம் பாட்டுகள் குவிந்து கிடந்ததால் முழு ஆல்பமே போட்டார்கள். அச்சிட்டது 1,000 எல்பி இசைத்தட்டுகள். ஹிட் பாட்டு கொடு என்று நச்சரிக்க அங்கே ஆளில்லை.

பேஸ்காரன்:
சரி, அது போகட்டும். ஒலிக்கு வாருங்கள். அதே ஆண்டு வந்த இரண்டாவது ஆல்பமான 'இஃப் யூ ஆர் ஃபீலிங் சினிஸ்டர்'-இல் பாடுவது முணுமுணுப்பு, டிரம்ஸ் பக்கத்து வீட்டில் அடிப்பது போல. வசதியில்லாமல் அமைந்ததற்கு ஸ்டைல் என்று பட்டம் கட்டுகிறோம்.

வயலின்பித்து:
அந்த ஆல்பத்தின் முதல் பாட்டை ஹெட்போனில் கேளுங்கள். வெறும் கிதார், கிட்டத்தட்ட கிசுகிசுப்பு. அப்புறம் டிரம்ஸ் நுழைகிறது, பின்னால் டிரம்பெட். குரலை ஏற்றாமலே பாட்டை ஏற்றுகிறார்கள். இது தற்செயலாக நடக்காது. மர்டாக் நாள்பட்ட சோர்வு நோயால் பல வருடம் முடங்கிக் கிடந்தபோதுதான் பாட்டெழுதத் தொடங்கினார். உரக்கப் பாடியிருந்தால்தான் எனக்குப் பொய்யாகப் பட்டிருக்கும்.

பழைய கேசட்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அந்த இரண்டாவது ஆல்பத்தின் பதிவில் மர்டாக்குக்கே திருப்தியில்லை. 2005இல் லண்டனின் பார்பிகன் அரங்கில் மேடையேறி முழுதாக மறுபடி வாசித்து வெளியிட்டார்கள். என்னிடம் இரண்டும் இருக்கின்றன. மேடைப் பதிவு எவ்வளவோ தெளிவு. ஆனாலும் கை போவதென்னவோ பழையதற்குத்தான்.

பேஸ்காரன்:
பார்த்தீர்களா, பாடியவரே ஒத்துக்கொண்டுவிட்டார்!

வயலின்பித்து:
அவர் குறைப்பட்டது பதிவைப் பற்றி, பாட்டு அமைந்த விதத்தைப் பற்றியல்ல. நல்ல ஒலிவசதி கிடைத்த பார்பிகனிலும் அந்த முதல் பாட்டு மெல்லிய ஒலியில்தான் தொடங்குகிறது. வசதியில்லாமைதான் காரணம் என்றால் அங்கேயாவது மாற்றியிருக்க வேண்டாமா?

பேஸ்காரன்:
இப்போதுதான் ஹெட்போனில் கேட்டேன். டிரம்பெட் வரும் இடம் அழகு, மறுக்க மாட்டேன். டிரம்ஸ் இன்னும் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறது.