பொதுப் பட்டமா, சிறப்புப் பட்டமா? ஆலோசகர் சேரிடம் என்ன கேட்பது?

வடமராட்சியாள்:
வணக்கம். யாழ் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். கணிதம், பௌதிகம், இரசாயனம். மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு நிற்பதா, நான்கு வருடம் இருந்து இரசாயனத்தில் சிறப்புப் பட்டம் செய்வதா என்று முடிவெடுக்க வேண்டும். எனக்கு இரசாயனம்தான் விருப்பம். ஆனால் அப்பாவுக்குச் சுகமில்லை, தோட்டம் முந்தி மாதிரி இல்லை, தம்பியும் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எடுக்கப் போகிறான். எனக்கு ஒதுக்கிய ஆலோசகர் சேரை முதல் வருடத்தில் கண்டதோடு சரி. அவரிடம் வீட்டுக் கதையும் சொல்லலாமா?

இரசாயன அக்கா:
சொல்லத்தான் வேணும், தங்கச்சி. சொல்லாவிட்டால் உன் பெறுபேற்றை மட்டும் பார்த்து "சிறப்புக்குப் போடு" என்று சொல்லிவிடுவார். வீட்டு நிலை தெரிந்தால்தான் உதவித்தொகை, கடைசி வருடச் செலவு எல்லாம் சேர்த்துக் கதைக்க முடியும்.

வெறுங்கையோடு போகாதே. பரமேஸ்வரா சந்தியில் பெறுபேற்றுத் தாளைப் பிரிண்ட் எடுத்து, ஜிபிஏயை, அதாவது உன் சராசரித் தரப்புள்ளியை, நீயே கணக்குப் பார். ஒவ்வொரு பாடத்தின் தரப்புள்ளியையும் (ஏ என்றால் 4, சி என்றால் 2) அந்தப் பாடத்தின் கிரெடிட்டால், அதாவது அதன் பாரத்தால், பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் பிரிக்க வேணும். மூன்று கிரெடிட் பாடத்தில் சி, ஒரு கிரெடிட் பாடத்தில் ஏ என்றால், (3×2 + 1×4) ÷ 4, அதாவது 2.5. பார்வைக்கு ஏயும் சியும் சேர்ந்து நடுவில் 3 வரும் மாதிரி இருக்கும், ஆனால் பெரிய பாடம் கீழே இழுத்துவிடும். ரிப்பீட் பாடம் இருந்தால் அதையும் மறைக்காமல் காட்டு. திரும்ப எழுதினால் பொதுவாக 'சி' தரத்துக்கு மேல் போடமாட்டார்கள், அதனால் அதைச் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

பிறகு கேள்: சிறப்புக்கு எந்தப் பாடங்களைப் பார்க்கிறார்கள்? எத்தனை பேரை எடுக்கிறார்கள்? கிடைக்காவிட்டால் பொதுப் பட்டம் தடையில்லாமல் போகுமா? நான்காம் வருட ஆய்வு பகல் முழுக்க ஆய்வுகூடத்தில் நிற்க வைக்கும். ரியூசன் கொடுத்து உழைக்க நினைத்திருந்தால் அதையும் கேட்டுவிடு.

வன்னி வாத்தி:
நான் பொதுப் பட்டம் முடித்து முல்லைத்தீவில் கணிதம் படிப்பிக்கிறேன். ஊரில் பொதுப் பட்டம் என்றால் ஏதோ விழுந்துபோன மாதிரிக் கதைப்பார்கள், அதைக் காதில் போடாதே. பட்டதாரி ஆசிரியர் போட்டிப் பரீட்சைக்கு அது போதும். பட்டப்பின் கல்வி டிப்ளோமாவை வேலை செய்துகொண்டே பிறகு செய்யலாம். பட்டங்களை மட்டம் மட்டமாக வகுக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பொதுப் பட்டம் 5ஆம் மட்டம், 90 கிரெடிட். சிறப்பு 6ஆம் மட்டம், 120 கிரெடிட். ஆய்வு, விரிவுரையாளர் வேலை என்று கனவு இருந்தால் மட்டும் அந்த 30 கிரெடிட் உனக்குப் பெரிய வித்தியாசம். அப்படி ஒரு கனவு இருக்கா?

வடமராட்சியாள்:
இருக்கு அண்ணா. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. சேருக்கு மின்னஞ்சல் போடட்டா, நேரே போகட்டா?

இரசாயன அக்கா:
அப்படியென்றால் அதையே சேரிடம் முதலில் சொல்லு. இரண்டு வரி மின்னஞ்சல் போட்டு நேரம் கேள்; பதில் வராவிட்டால் விரிவுரை முடிய அறைக்குப் போ. அதற்கு முதல் துறை அலுவலகத்தில் விண்ணப்ப முடிவுத் திகதியைக் கேட்டுவை. அதற்கு ஒரு கிழமை முந்தியாவது சேரைக் காண வேணும், கையெழுத்துக்கு அலைய நேரம் வேண்டும்.