வேதாரண்யம் பக்கம் உப்பேறின வயல், ஜிப்சம் போடலாமா?

பூம்பாறை பூண்டுக்காரன்:
வணக்கம். எனக்கு இங்க ஒன்றரை ஏக்கர், மலைப்பூண்டும் உருளையும். தங்கச்சிய வேதாரண்யம் பக்கம் கட்டிக் குடுத்திருக்கோம். 2018 நவம்பர் 16 விடியக்காலைல கஜா புயல் அங்க கரையேறுச்சு, அன்னிக்கே நம்ம கொடைக்கானல்லயும் மரமெல்லாம் சாஞ்சு ரோடு அடைச்சிருச்சு, போன் கிடைக்காம அம்மா அழுத அழுகை இன்னும் கண்ணுலயே நிக்குது. மாப்பிள்ளைக்கு தென்னை பூராம் போச்சு, மிச்சம் ரெண்டு ஏக்கர் நெல்லு வயல் தான், அதுலயும் வாய்க்கால் வழியா கடல் தண்ணி ஏறி ஏறி இப்ப மண்ணு மேல வெள்ளையா பூத்துக் கெடக்கு. வித்துட்டு திருப்பூர் போயிர்றேங்கறாரு. உரக்கடைல ஜிப்சம்னு ஒரு சுண்ணாம்புச் சத்துப் பொடி போடச் சொன்னாங்களாம், போடலாமா?

தாண்டிக்குடி காபி:
விக்க விடாதீங்க தம்பி. குழியடிச்சான், களர்பாலைன்னு பழைய நெல்லு இருக்கு, உப்பு தாங்கும். மகசூல் கம்மி தான், ஆனா வெறும் கையோட வீட்டுக்கு வரவேண்டியதில்ல.

தலைஞாயிறு பொண்ணு:
நான் பொறந்தது அந்தப் பக்கம், வாக்கப்பட்டு வந்தது கொடைக்கானல். அண்ணே, மண்ணு பரிசோதனை பண்ணிப் பாக்காம ஜிப்சத்துக்கு காசு போடாதீங்க. உவர் வேற, களர் வேற. வெறும் உப்பு மட்டும் ஏறியிருந்தா அது உவர், அதுக்கு நல்ல தண்ணி தான் மருந்து, வரப்ப ஒசத்திக் கட்டி ஐப்பசி மழைய வயல்லயே தேக்கி வடிச்சு விடணும், ரெண்டு மூணு தடவ, வடிகால் தூர்ந்து கெடந்தா எவ்வளவு தேக்கினாலும் பிரயோஜனம் இல்ல. சோடியம் மண்ணுல ஒட்டிக்கிட்டு களராயிருந்தா தான் ஜிப்சம், அப்பவும் போட்டுட்டு தண்ணிய வடிச்சே ஆகணும். சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினம் பக்கம் நெலத்த மீட்டதும் இப்படித்தான், பசுந்தாள் உரத்துக்கு தக்கைப்பூண்டு விதைச்சு பூக்கற நேரத்துல மடக்கி உழுதாங்க, அத விட்றாதீங்க.

இன்னொண்ணு, போர் ஆழமா போடச் சொல்லி யாராவது வந்தா வேண்டாம்னு சொல்லுங்க. அந்த மணல்ல நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேல மெதந்துட்டு நிக்கும், ஆழமா போயி உறிஞ்சினா உப்பு தான் மேல வரும். எங்கப்பா சின்னக் குட்டை வெட்டி கொடத்துல மொண்டு தான் கத்திரிக்கு ஊத்துவாரு. சம்பாவுக்கு பயிர்க் காப்பீடு கட்டச் சொல்லுங்க, விவசாயி பங்கு 1.5 சதவீதம் தான், கடைசி நாள் வரைக்கும் இழுக்கவே கூடாது, அடங்கல், அதான் என்ன பயிர் வச்சிருக்கோம்னு வி.ஏ.ஓ. குடுக்கற சான்று, இப்பவே வாங்கி வச்சிரணும்.

பூம்பாறை பூண்டுக்காரன்:
ரொம்ப நன்றிம்மா, மாப்பிள்ளைக்கு அப்படியே படிச்சுக் காட்டினேன், இந்த சம்பாவ மட்டும் பாத்துட்டு முடிவு பண்றேன்னாரு. மண்ணு எவ்வளவு ஆழத்துல எடுக்கணும்?

தலைஞாயிறு பொண்ணு:
நெல்லுக்கு அரை அடி போதும்ணே. பத்து எடத்துல எடுத்து கலந்து, அரைக் கிலோ நெழல்ல ஒணத்தி, நாகப்பட்டினம் பக்கம் சிக்கல்ங்கற ஊர்ல இருக்கற வேளாண் அறிவியல் நிலையத்துல கேக்கச் சொல்லுங்க. கெணத்துத் தண்ணியும் ஒரு பாட்டில் எடுத்துட்டுப் போகட்டும்.