தண்ணீர் ராக்கெட் பாதி உயரத்தில் குட்டிக்கரணம் அடிக்கிறது, போட்டிக்கு 9 நாள்தான் இருக்கிறது

பெரம்பூர் டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். வடசென்னையில் ஒரு பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 5 பேர் தண்ணீர் ராக்கெட் போட்டிக்குத் தயாராகிறார்கள். 2 லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டில், அதில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், சைக்கிள் பம்பில் 60 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் காற்று. மூக்குப் பகுதியில் ஒரு பச்சை முட்டை இருக்கும், அது பாராசூட்டில் உடையாமல் இறங்க வேண்டும், எத்தனை நொடி காற்றில் நிற்கிறதோ அத்தனை மதிப்பெண்.

போன மாதம் வரை நேராகத்தான் போனது. ஆனால் பிளாஸ்டிக் அட்டையில் செய்த இறக்கைகள் ஒவ்வொரு தடவை விழும்போதும் மடங்கிப்போயின. ஒரு பையனுடைய அப்பா தச்சர், அவர் ஒரு ராத்திரி உட்கார்ந்து பிளைவுட்டில் 4 இறக்கை அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷும் அடித்துக் கொடுத்தார். அவ்வளவு அழகு. அதை ஒட்டிய பிறகு நான்கு தடவை விட்டோம், நான்கிலும் கொஞ்ச உயரம் நேராகப் போய், அப்புறம் அப்படியே தலைகீழாகப் புரண்டு பக்கவாட்டில் வந்து விழுகிறது. நேற்று மஞ்சள் கரு பாட்டிலுக்குள் வழிந்து, குழுத்தலைவியாக இருக்கிற பெண் குழாயடியில் அதைக் கழுவிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் நின்றாள், எனக்கு மனசு கேட்கவில்லை.

90 பி.எஸ்.ஐ. வைத்தால் வேகத்தில் நேராகப் போய்விடும் என்று பையன்கள் சொல்கிறார்கள். செய்யலாமா? இல்லை இறக்கையை இன்னும் பெரிதாக்க வேண்டுமா?

கிண்டி மெக்கானிக்கல்:

டீச்சர், காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள், அந்த பிளைவுட்தான். அவர் வேலையில் குறை இல்லை, எடை வாலுக்குப் போய்விட்டது, அதுதான் சிக்கல்.

தீபாவளி ராக்கெட்டை நினைத்துப் பாருங்கள். மருந்து இருக்கிற கனமான பகுதி முன்னால், லேசான நீளக் குச்சி பின்னால். குச்சியை உடைத்துவிட்டுப் பற்றவைத்தால் தெருவெல்லாம் தாறுமாறாக ஓடும். உங்கள் ராக்கெட்டுக்கும் அதே கணக்கு. எடை எந்த இடத்தில் சமமாகிறதோ அது முன்னால் இருக்க வேண்டும், காற்று மொத்தமாக எந்த இடத்தில் தள்ளுகிறதோ அது பின்னால் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் குறைந்தது ஒரு பாட்டில் விட்டம், 2 லிட்டர் பாட்டில் என்றால் ஏறக்குறைய 11 செ.மீ., இடைவெளி வேண்டும்.

பிள்ளைகளையே அளக்க விடுங்கள். தண்ணீர் இல்லாமல், முட்டையும் பாராசூட்டும் உள்ளே வைத்து ராக்கெட்டை ஒரு ஸ்கேல் விளிம்பில் படுக்க வையுங்கள், சமமாக நிற்கிற இடத்தில் மார்க்கரால் கோடு. அடுத்து பழைய காலண்டர் அட்டையில் ராக்கெட்டின் பக்கவாட்டு உருவத்தை இறக்கையோடு வரைந்து வெட்டி, அந்த அட்டை எங்கே சமமாக நிற்கிறது என்று பாருங்கள். அந்த இடம்தான் காற்று தள்ளும் இடத்துக்குத் தோராயமான கணக்கு. அட்டைக் கோடு எடைக் கோட்டுக்குப் பின்னால் ஒரு விட்டமாவது தள்ளி இருக்க வேண்டும். உங்களுடையதில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

தண்ணீர் இருக்கும்போது ஏன் அளக்க வேண்டாம் என்றால், அது ஒரு நொடிக்குள் காலியாகிவிடும், மீதி வழி முழுக்க வெறும் பாட்டில்தான் பறக்கிறது.

பிளைவுட்டைக் கழற்ற வேண்டாம். இன்னொரு பாட்டிலை வெட்டி மூக்கை 15, 20 செ.மீ. நீட்டி முட்டையை அதன் நுனிக்குக் கொண்டுபோங்கள். போதவில்லையா, நுனியில் கொஞ்சம் களிமண். ரொம்பவும் வேண்டாம், மூக்கு அளவுக்கு மேல் கனத்தால் காற்று வரும் பக்கமே சாய்ந்து போகும்.

ராயபுரம் டயர் கடை:

டீச்சர், நான் படித்தது பத்தாவதுதான், ஆனால் 22 வருஷமாகக் காற்றோடுதான் பிழைப்பு. 90 வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். அந்த பாட்டில் புதிதாக இருந்தால் தாங்கும், நாலு தடவை தரையில் மோதிக் கீறல் விழுந்தது, மொட்டை மாடி வெயிலில் கிடந்தது, சூடான பசை பட்டது எல்லாம் தாங்காது. வெடித்தால் பிளாஸ்டிக் துண்டு கண்ணுக்குத்தான் வரும். இறக்கையை நேரடியாக பாட்டிலில் பசைத் துப்பாக்கியால் ஒட்டியிருந்தால் முதலில் அந்த பாட்டிலை மாற்றுங்கள். வேறொரு பாட்டிலை வளையமாக வெட்டி அதில் இறக்கையைப் பொருத்தி, ராக்கெட்டில் சட்டை மாதிரி மாட்டிவிடலாம்.

புது பாட்டிலைச் சோதிக்க ஒரு வழி உண்டு. கழுத்து வரை தண்ணீர் நிரப்பி, பிறகு காற்று அடியுங்கள். உள்ளே காற்று கொஞ்சம்தான் இருக்கும், பிளந்தாலும் தண்ணீர்தான் கொட்டும். குடிநீர் பாட்டில் வேண்டவே வேண்டாம், சோடா, கோலா பாட்டில் மட்டும். விடும்போது பிள்ளைகள் தள்ளி நின்று நூலை இழுத்து விடட்டும், கண்ணாடி போட்டுக்கொள்ளட்டும்.

மொட்டைமாடி:

நானும் பள்ளியில் படிக்கும்போது இதே மாதிரிப் போட்டிக்குப் போனேன். மேலே சொன்னதோடு ஒன்று. விடுவதற்கு முன்னால் எடைக்கோட்டில் 2 மீட்டர் நூல் கட்டி, ராக்கெட்டைத் தலைக்கு மேல் கவண் மாதிரி சுற்றிப் பாருங்கள். மூக்கு முன்னால் போனால் தைரியமாக விடலாம். பின்னோக்கியோ குறுக்காகவோ சுற்றினால் விடாதீர்கள். ஒரு முட்டை மிச்சம்.

அப்புறம் நேரம். மதியம் கடற்காற்று ஏறிவிட்டால் பாராசூட் பக்கத்துத் தெருவுக்கே போய்விடும், காலையிலேயே உங்கள் முறை வருமா என்று கேட்டுப் பாருங்கள்.

பெரம்பூர் டீச்சர்:

5 நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும், தேர்வுத் தாள் திருத்தும் வேலை.

கிண்டி சார் சொன்னது அப்படியே சரி. அட்டைக் கோட்டுக்கும் எடைக் கோட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் அகலம்தான் இருந்தது. குழுத்தலைவி அந்த இரண்டு கோட்டையும் பார்த்துவிட்டு "அப்போ இது எந்தப் பக்கம் திரும்பணும்னு அதுக்கே தெரியல மிஸ்" என்றாள். மூக்கை 18 செ.மீ. நீட்டினோம், 30 கிராம் களிமண் வைத்தோம், இப்போது இடைவெளி 13 செ.மீ. தச்சர் அப்பாவே வந்து இறக்கைகளை வளையத்தில் மாட்டிக் கொடுத்தார், இன்னும் மெல்லியதாக இழைத்தும் கொடுத்தார். பாட்டில் புதிது, 60-ஐத் தாண்டவில்லை.

நூல் கட்டிச் சுற்றியபோது மூக்கு முன்னால் வந்தது, பிள்ளைகள் போட்ட சத்தத்தில் தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தார். நேற்று 4 தடவை விட்டோம், நான்கும் நேர்கோடு. மூன்றில் முட்டை பத்திரம். நான்காவதில் பாராசூட் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விரியவே இல்லை.

மொட்டைமாடி:

மடிப்பதற்கு முன்னால் முகப் பவுடர் தூவுங்கள் டீச்சர், ஈரப்பதத்தில் பாலித்தீன் ஒட்டும். மடித்து ரொம்ப நேரம் வைக்காதீர்கள், விடுவதற்குச் சற்று முன்னால் மடித்தால் போதும்.

பெரம்பூர் டீச்சர்:

பவுடர் போட்டு இன்று மூன்று தடவை விட்டோம், மூன்றும் விரிந்தது. சனிக்கிழமை காலை 8:30-க்கு எங்கள் முறை.