பிவிசி பைப் ராட் ஸ்டாண்ட் கடற்கரை மணலில் நிற்கவில்லை, உதவி வேண்டும்

கோவளம் கடற்கரையில் கரையிலிருந்து தூண்டில் போடுகிறேன். ராட் (தூண்டில் கோல்) 12 அடி, இரண்டு துண்டு. 6000 சைஸ் ரீல், 120 கிராம் ஈயக்குண்டு. ஸ்டாண்டை நானே செய்தேன்: 40 மி.மீ. பிவிசி பைப், 3 அடி நீளம், அடிமுனை சாய்வாக வெட்டியது, ராட் கீழே இறங்காமல் இருக்கக் குறுக்கே ஒரு போல்ட். செலவு மிகக் குறைவு, கோடையில் நன்றாகவே நின்றது.

ஐப்பசியில் அலை பெரிதானதிலிருந்துதான் சிக்கல். அலை வந்து திரும்பும்போது பைப்பைச் சுற்றி மணல் அரித்துப் போகிறது. முதலில் கடல் பக்கம் சாய்கிறது, அப்புறம் தங்கூஸ் (தூண்டில் நரம்பு) இழுப்பில் பைப் சுழன்று ராட் திரும்பிவிடுகிறது. காலா, கிழங்கான் மீன் கடித்தால் சமாளிக்கலாம். திருக்கை இழுத்தால் ராடும் ரீலும் கடலுக்குள் போய்விடும்.

பைப்பை இன்னும் ஆழமாக அடித்தேன், மேல்முனை விரிசல் விட்டது. மணல் மூட்டையோடு கயிறு கட்டினேன். நிற்கிறது, ஆனால் மீன் இடம் மாறும்போது மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியவில்லை. இரும்பு எல் ஆங்கிளில் (எல் வடிவப் பட்டை) பைப்பைக் கிளாம்ப் போட்டு மாட்டினேன். பிடிமானம் அருமை, சுழலவே இல்லை. ஆனால் பெயின்ட் அடித்தும் உப்புக்காற்றில் துரு ஏறி, கிளாம்ப் அறுந்துவிட்டது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்யப் பட்டறையில் கேட்ட விலைக்குக் கடையிலேயே வாங்கிவிடலாம்.

அலுமினிய எல் ஆங்கிளில் செய்து இதே மாதிரி அலையில் பயன்படுத்துபவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: வளையாமல் நிற்க எத்தனை மி.மீ. கனம், எத்தனை அடி நீளம் வேண்டும்?