16 ஓம் பெட்டியும் 8 ஓம் பெட்டியும் ஒரே வால்வு ஆம்ப்பில்: ஸ்விட்ச் எங்கே இருக்க வேண்டும்?

தந்திப்பித்தன் (சாட்ஸ்வொர்த்):
வணக்கம். டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடி வால்வுகளால் ஓடும் பழைய 50 வாட் கிதார் ஆம்ப் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. பின்புறம் இரண்டு ஸ்பீக்கர் துளைகள். 4, 8, 16 ஓம் என்று மாற்ற ஒரு ஸ்விட்ச். என்னிடம் இருப்பது நான்கு ஸ்பீக்கர் கொண்ட 16 ஓம் பெட்டி. தீபாவளிக் கலைநிகழ்ச்சிக்காக ஒற்றை ஸ்பீக்கர் பெட்டி ஒன்றையும் இரவல் வாங்கியிருக்கிறேன். அது 8 ஓம், 30 வாட். இரண்டையும் மாட்டினால் 24 ஓம்தானே? அப்படியானால் ஸ்விட்சை 16-ல் வைக்கலாமா? மல்டிமீட்டரில் என் பெட்டி 13 ஓம்தான் காட்டுகிறது. அதுவும் குழப்பமாக இருக்கிறது.

மேடை ஒலி (ஃபீனிக்ஸ்):
24 இல்லை தம்பி. அந்தத் துளைகள் பக்க இணைப்பில் (பேரலல்) இருக்கும். பெருக்கி வருவதைக் கூட்டி வருவதால் வகுங்கள்: 128-ஐ 24-ஆல் வகுத்தால் 5.33 ஓம். மல்டிமீட்டர் சுருளின் மின்தடையை மட்டுமே அளக்கிறது. அது எழுதியிருக்கும் எண்ணைவிடக் குறைவாகத்தான் இருக்கும். 13 காட்டினால் அது 16 ஓம் பெட்டியேதான். ஸ்விட்சை நினைத்துக் கவலைப்படாதீர்கள். இருபது வருடமாகக் கல்யாண மண்டபங்களில் ஒலி அமைக்கிறேன். பெட்டியின் ஓம் கூடினால் ஆபத்தில்லை, குறைந்தால்தான் ஆபத்து. 4-ல் வைத்துவிட்டு எதை வேண்டுமானாலும் மாட்டுங்கள்.

வால்வுக்காரர் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):
அண்ணா, மன்னிக்க வேண்டும். அது டிரான்சிஸ்டர் ஆம்ப்புக்கான விதி. அங்கே 20 வோல்ட் வெளிவந்தால் 8 ஓமில் 2.5 ஆம்பியர், 50 வாட். அதே 20 வோல்ட்டுக்கு 4 ஓம் மாட்டினால் 5 ஆம்பியர், 100 வாட். டிரான்சிஸ்டர் வெந்து போவது இப்படித்தான்.

வால்வு ஆம்ப்பில் நடுவே வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. ஸ்பீக்கரின் சில ஓம்களை அது வால்வுகளுக்குப் பல ஆயிரமாகக் காட்டுகிறது. இரண்டு இ.எல்.34 வால்வு போட்ட 50 வாட் ஆம்ப்பில் இது வழக்கமாக 3,400 ஓம் அளவில் இருக்கும். ஸ்விட்ச் 4-ல் இருக்க 16 ஓம் பெட்டியை மட்டும் மாட்டினால் அது 13,600 ஆகிவிடும். ஓங்கி வாசிக்கும்போது டிரான்ஸ்ஃபார்மர் சுருளில் மின்னழுத்தம் எகிறும். வால்வு சாக்கெட்டில் பொறி தாவும், சுருளின் காப்பும் எரியலாம்.

என் கண்முன்னே நடந்தது இது. 2023-ல் இங்கே தென்னாப்பிரிக்காவில் மின்வெட்டு உச்சத்தில் இருந்த நேரம். ஒத்திகை நடுவே மின்சாரம் போயிற்று. பெட்டியைக் கழற்றிவிட்டார்கள், ஆம்ப்பை அணைக்க மறந்துவிட்டார்கள். மின்சாரம் திரும்பியதும் ஒரு பையன் கிதாரை மீட்டிப் பார்த்தான். சத்தம் இல்லை என்று வால்யூமை முழுக்கத் திருப்பி மறுபடி மறுபடி அடித்தான். புகை வந்த பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. அருமையான டிரான்ஸ்ஃபார்மர் அது, இன்னும் மனது ஆறவில்லை.

மேடை ஒலி (ஃபீனிக்ஸ்):
பெட்டியே இல்லாமல் வாசிப்பது வேறு, ஓம் சற்றுக் கூடுவது வேறு. ஃபெண்டர் நிறுவனத்தின் பழைய கிதார் ஆம்ப்களில் பிளக்கை உருவினால் துளை தானே ஷார்ட் ஆகிக்கொள்ளும். பாதுகாப்பு உள்ளேயே இருக்கிறதே?

வால்வுக்காரர் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):
நான் சொல்வதற்கு அதுவே சாட்சி. திறந்து கிடப்பதைவிட ஷார்ட்டே மேல் என்று அதை வடிவமைத்தவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். ஓம் கூடினால் ஆபத்தில்லை என்பது உண்மையானால் அந்த ஏற்பாடு எதற்கு? ஆம்ப்பில் பிளக் இருந்து பெட்டிப் பக்கம் கேபிள் கழன்றால் அதுவும் காப்பாற்றாது. 5.33 ஓமுக்கு 4 என்பதை ஏற்கிறேன். ‘எதை வேண்டுமானாலும் மாட்டுங்கள்’ என்பதைத்தான் ஏற்க முடியாது.

ஈயப்பற்று (டொங்காட்):
நான் பழுது பார்ப்பவன். 5.33-க்கு 8-ல்தான் வைப்பேன். அப்போது வால்வுகளுக்குத் தெரிவது ஏறத்தாழ 2,300 ஓம். வால்வு சீக்கிரம் தேயும், ஆனால் வால்வை மாற்றிக்கொள்ளலாம். 4-ல் வைத்தால் 4,500; மின்னழுத்தம் கூடும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் போனால் இங்கே அதே மாதிரி கிடைக்காது.

வால்வுக்காரர் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):
விகிதத்தைப் பாருங்கள். 4-ல் வைத்தால் ஒன்றே கால் மடங்குக்குச் சற்று மேல், 8-ல் வைத்தால் ஒன்றரை மடங்கு. எது நெருக்கமோ அதில் வைப்பதே முறை. இந்தச் சிறு ஏற்றத்தில் நல்ல டிரான்ஸ்ஃபார்மர் போகாது.

ஈயப்பற்று (டொங்காட்):
நல்லதாக இருந்தால் போகாது. நாற்பது வயதானதைப் பற்றி நான் அப்படி உறுதி தரமாட்டேன். ஆனால் நாம் மூவருமே தம்பியின் 30 வாட் ஸ்பீக்கரை மறந்துவிட்டோம். 8 ஓம் பெட்டி மற்றதைப் போல இரு மடங்கு வாங்கும்: 50 வாட்டில் அதற்கு 33, நான்கு ஸ்பீக்கருக்கும் சேர்த்து 17. வால்வுகள் உறுமும் அளவுக்குத் திருப்பினால் ஆம்ப் 50-ஐத் தாண்டியும் தள்ளும். ஸ்விட்ச் எங்கே இருந்தாலும் முதலில் கிழியப்போவது இரவல் ஸ்பீக்கர்தான்.

மேடை ஒலி (ஃபீனிக்ஸ்):
இதை ஒப்புக்கொள்கிறேன். என் வேலை பெரும்பாலும் டிரான்சிஸ்டர் ஆம்ப்களோடுதான். அந்தப் பழக்கத்தில் பேசிவிட்டேன். தம்பி, 16 ஓம் பெட்டி ஒன்றே போதும். ஸ்விட்ச் 16-ல் இருக்கட்டும். பெட்டிக்கு முன்னால் ஒரு மைக் வைத்தால் கூடம் முழுக்கக் கேட்கும்.

தந்திப்பித்தன் (சாட்ஸ்வொர்த்):
அப்படியே செய்கிறேன், இரவல் பெட்டியை நாளையே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். ஆம்ப்புக்கும் பெட்டிக்கும் நடுவே கிதார் கேபிள்தான் போட்டிருக்கிறேன். அது பரவாயில்லையா?

ஈயப்பற்று (டொங்காட்):
வேண்டாம். அதன் நடுக்கம்பி மெல்லியது. ஸ்பீக்கருக்கு ஓடும் மின்னோட்டத்தில் சூடாகி அறுந்தால் பெட்டி இல்லாமல் வாசித்த கதைதான். தடித்த ஸ்பீக்கர் கம்பியில் இரு முனையும் பற்றவைத்து நானே ஒன்று செய்து தருகிறேன். சனிக்கிழமை ஆம்ப்பையும் எடுத்து வாருங்கள், சாக்கெட்டுகளைப் பார்த்துவிடலாம்.